படிக்கட்டில் அவன் சொன்ன வரலாறு



வடக்கெல்லைப் போராட்டம் பற்றிப் போன மாதம் எழுதியதைப் படித்துவிட்டு, சென்னையில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து போன் செய்தார்கள். "சார், சென்னையில மரபு நடைன்னு ஞாயித்துக்கிழமை காலையில கூட்டிட்டுப் போறாங்க. நம்ம திருத்தணியிலயும் ஒண்ணு நடத்தலாம்னு இருக்கோம். நீங்கதான் முன்னால நடந்து எல்லாத்தையும் சொல்லணும்" என்றார்கள். எனக்கு ரொம்ப சந்தோஷம். ஓய்வு பெற்ற வாத்தியாரைப் பேசக் கூப்பிட்டால் வேண்டாம் என்றா சொல்வான்? முட்டி வலியை மறந்து அன்றிரவே நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு குறிப்பு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

குறிப்பும் நன்றாகத்தான் வந்தது. வீரட்டானேசுவரர் கோயிலில் தொடங்கலாம். ஒன்பதாம் நூற்றாண்டு, அபராஜித பல்லவன் காலம். நம்பி அப்பி என்பவர் எடுப்பித்த கற்றளி. அரசனே தமிழில் வெண்பா பாடி, அது கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. பல்லவர் என்றால் மாமல்லபுரம் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது. பிறகு சரவணப் பொய்கை. அங்கிருந்து 365 படி. ஏறும்போது அருணகிரிநாதர், முத்துசுவாமி தீட்சிதர் வாயில் கற்கண்டு விழுந்த கதை, ஜனவரி முதல் தேதி வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு எலுமிச்சம்பழம் கொடுக்க ஓடிய கூட்டத்தை முருகன் பக்கம் திருப்பிவிட வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த படித்திருவிழா. கீழே இறங்கியதும் ராதாகிருஷ்ணன், ம.பொ.சி., மங்கலங்கிழார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரத்தோடு போன நம் ஊர், படாஸ்கர் சமரசத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று திரும்பி வந்தது. வீட்டை விட்டு ஓரடி நகராமலே ஒரு மாநிலத்துக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள் நம் பெற்றோர். இதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் நீங்கள் சிரிப்பீர்கள்.

இரண்டு பக்கம் எழுதியதும் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். ராஜா, புலவர், சாமியார், தலைவர் எல்லோரும் வந்திருந்தார்கள். அந்தப் படியிலேயே படுத்துத் தூங்கியவன் ஒருவனும் வரவில்லை. அதற்கு மேல் எழுத முடியாமல் நோட்டை மூடிவிட்டேன். ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1986-ல் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு நான் வகுப்பாசிரியர். வேலைக்கு வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. தொண்டையில் பலமும் தலையில் கனமும் அதிகம். பல்லவர் பாடம் முடிந்ததும் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த வகுப்பில் ஒருவன் இருந்தான். பெயரை எழுதவில்லை, கூடப் படித்தவர்களுக்கு யார் என்று தெரியும். அவன் அம்மா மலையடிவாரத்தில் தரையில் சாக்கு விரித்துக் கற்பூரமும் பூவும் விற்றுக்கொண்டிருந்தார். இவனும் விடிகாலையில் அம்மாவோடு வியாபாரம் பார்த்துவிட்டு, முதல் மணி அடித்த பிறகுதான் வருவான். வெளியே நிற்க வைப்பேன். வீடு என்று ஒன்று அவனுக்கு இருந்ததா, ராத்திரி எங்கே படுக்கிறான் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

பாதி மலையில் ஒரு மண்டபத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து அபராஜிதன் கதையை ஆரம்பித்தேன். நடுவில் அவன் எழுந்தான். "சார், அந்தக் கல்லு மேல உக்கார வெக்காதீங்க சார், வெயில் ஏறிடுச்சுன்னா கொதிக்கும். இந்த மூலைதான் நல்ல இடம். மழை வந்தாகூட சாரல் அடிக்காது. ஆனா ராத்திரில ரெண்டு சாமியாருங்க வருவாங்க, அவங்க வந்துட்டா எழுந்து கொடுத்துடணும்" என்றான். பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினார்கள். அவனுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. கிருத்திகைக்கு மறுநாள் எந்தப் படியில் சில்லறை கிடக்கும், குரங்கு எந்த இடத்தில் பையைப் பிடுங்கும், ராத்திரியில் யார் யார் வந்து படுப்பார்கள், எந்த ஊர்க்காரர்கள், எதற்காக வீட்டை விட்டு வந்தவர்கள் என்று படிப்படியாகச் சொல்லிக்கொண்டே போனான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டேய், தல வரலாறு தெரிஞ்சா சொல்லு. இல்லன்னா வாயை மூடிட்டு உக்காரு." எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான்.

அரைப் பரீட்சைக்குப் பிறகு அவன் வரவில்லை. அரக்கோணம் போய்ப் பம்பாய் வண்டி ஏறிவிட்டான் என்று பிள்ளைகள் சொன்னார்கள். நம் பக்கம் அது அதிசயமில்லை. ரேணிகுண்டா வழியாகப் பம்பாய் போகும் ரயில் நம் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. சில வாரம் கழித்து அவன் அம்மா பள்ளிக்கு வந்தார். வராண்டாவிலேயே நின்றுகொண்டு, "பேரை மட்டும் அடிச்சிடாதீங்க சார், வந்துடுவான்" என்றார். தொடர்ந்து வராதவன் பெயரை நீக்குவதுதான் நடைமுறை என்று விளக்கினேன். சிவப்பு மையில் கோடு போட்டதும் நான்தான். மலையடிவாரம் பள்ளியிலிருந்து நடக்கிற தூரம்தான், ஆனால் நான் ஒரு நாளும் போய் விசாரிக்கவில்லை. அவன் திரும்பி வரவில்லை. அம்மாவும் சில வருஷத்தில் அந்த இடத்தில் இல்லை.

இனி டில்லிக்கு வருகிறேன்.

2018 டிசம்பரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். செங்கோட்டை, குதுப்மினார் எல்லாம் பார்த்தாகிவிட்டது. பேரன் இணையத்தில் தேடி, "தாத்தா, ஸ்டேஷன் பக்கம் ஒரு வாக் இருக்கு. தெருவுல இருந்த பசங்களே கைடா வர்றாங்களாம்" என்றான். மகளுக்குப் பிடிக்கவில்லை. "ஏழைங்களை வேடிக்கை பாக்கறதுக்குக் காசு கொடுத்துப் போறதாப்பா? மிருகக்காட்சிசாலையா அது?" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன். எனக்கென்னவோ போக வேண்டும் போலிருந்தது. போனோம்.

நடத்துவது சலாம் பாலக் டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம். இதன் பிறப்பே ஒரு சரித்திரம். மீரா நாயர் 1988-ல் 'சலாம் பாம்பே' என்ற படம் எடுத்தார். பம்பாய்த் தெருப் பிள்ளைகளின் வாழ்க்கை. தெருவில் இருந்த பிள்ளைகளையே பயிற்சி கொடுத்து நடிக்க வைத்தார். கான் விழாவில் முதல் படத்துக்கான காமிரா தோர் விருது, பிறகு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அந்தப் படத்தின் வருமானத்திலிருந்து அதே வருஷம் தெருப் பிள்ளைகளுக்காக அறக்கட்டளை தொடங்கினார்கள். டில்லியில் அதை வளர்த்தெடுத்தவர் மீரா நாயரின் தாயார் பிரவீண் நாயர். புதுடில்லி ரயில் நிலையத்தில் ரயில்வே போலீஸ் இருந்த கட்டடத்தின் திறந்த மாடத்தில் 25 பிள்ளைகளோடு ஆரம்பித்திருக்கிறார்கள்.

படத்தில் முக்கிய வேடத்தில் நடித்த ஷஃபீக் சையத் என்ற பையன் பெங்களூருவிலிருந்து வீட்டை விட்டு ஓடி பம்பாய் போனவன். சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது வாங்கினான். பிறகு வாய்ப்பில்லாமல் ஊருக்கே திரும்பி ஆட்டோ ஓட்டினான் என்று பத்திரிகைகளில் வந்தது. ஒருவனுடைய கதை உலகமெல்லாம் ஓடுகிறது, அவனுக்கோ ஆட்டோதான் கிடைக்கிறது. இது என் மனதில் அப்போதே உறுத்திய விஷயம். அதனால்தான், கதையைச் சொல்பவனுக்கே அதில் வருமானம் வரும்படி யாராவது யோசித்திருக்கிறார்கள் என்றால் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

இந்த நடைப்பயணம் 2000-க்குப் பிந்தைய முதல் பத்தாண்டின் நடுவில் தொடங்கியது. யோசனை ஒரு பிரிட்டிஷ் தன்னார்வலருடையது. இல்லத்தில் வளர்ந்து பெரியவர்களான பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசப் பழக்கம் வேண்டும், நாலு பேர் முன்னால் நின்று பேசத் தைரியம் வேண்டும், கையில் கொஞ்சம் காசும் வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து இந்த வழி. பஹார்கஞ்ச் சந்துகளிலும் ரயில் நிலையத்தை ஒட்டியும் சுமார் இரண்டு மணி நேரம் நடப்பார்கள்.

எங்களுக்கு வந்த வழிகாட்டிக்கு இருபது வயதிருக்கும். சின்ன வயதில் ரயிலேறி வந்தவன். வந்ததும் முதலில் சொன்னது, தெருவில் பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது என்று. கூட வந்த வெளிநாட்டுக்காரர்கள் காமிராவைப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். பிறகு நடந்தான். எந்த வருஷம் எந்த ராஜா என்று ஒன்றும் இல்லை. இந்தக் கடைக்காரரிடம்தான் பிள்ளைகள் அன்றைய காசைக் கொடுத்து வைப்பார்கள், கையில் வைத்திருந்தால் ராத்திரி பெரிய பையன்கள் அடித்துப் பிடுங்கிவிடுவார்கள். அதனால்தான் சம்பாதித்ததை அன்றைக்கே சினிமாவுக்கும் தின்பண்டத்துக்கும் செலவழித்துவிடுவார்கள். ஊதாரித்தனம் என்று வெளியே இருப்பவர்கள் சொல்வார்கள், உள்ளே இருப்பவனுக்கு அது கணக்கு. ரயிலில் விட்டுப்போன தண்ணீர்ப் பாட்டிலை எங்கே விற்பது, எந்தச் சுவரோரம் குளிர்காலத்தில் கதகதப்பாக இருக்கும், எழுத்தை அழிக்கும் வெள்ளை மையை முகர்ந்து போதை ஏற்றிக்கொள்வது எதற்காக. பசி தெரியாது, குளிர் தெரியாது, அதற்காக.

"அந்த மூலையில மட்டும் மழை வராது" என்று ஓர் இடத்தைக் காட்டிச் சொன்னான். இந்தியில்தான் சொன்னான். எனக்கு 1986-ல் கேட்ட குரலாகவே கேட்டது. அங்கேயே ஒரு திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். முட்டி வலி என்று பேரன் நினைத்துக்கொண்டான்.

ஒன்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். கூட வந்த ஒரு அம்மையார், "உன் தாயை மறுபடி பார்த்தாயா?" என்று கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே, "அது இந்த வாக்கில் இல்லை மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த சந்துக்குள் திரும்பிவிட்டான். என் மகள் கேட்ட கேள்விக்கு எனக்குப் பாதி பதில் அங்கேதான் கிடைத்தது.

மீதிப் பாதிக்குக் கொஞ்சம் சரித்திரம் பார்க்க வேண்டும். வாத்தியார் புத்தி, விடுமா?

ஏழைகளைப் பார்க்கப் போவது பழைய வழக்கம். 1880-களில் லண்டனில் பணக்காரர்கள், இரவு நேரத்தில் கிழக்குப் பகுதிச் சேரிகளுக்குக் கூட்டமாகப் போய் வேடிக்கை பார்ப்பது ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது. 'ஸ்லம்மிங்' என்று அதற்குப் பெயர். சிலர் உண்மையிலேயே உதவி செய்யப் போனார்கள், பலர் கதை பேசப் போனார்கள். அப்படியே நியூயார்க்குக்கும் பரவியது. அங்கே முன்னால் நடந்து விளக்கம் சொன்னவர் போலீஸ்காரராகவோ பாதிரியாராகவோ பத்திரிகைக்காரராகவோ இருப்பார். அந்தச் சந்தில் குடியிருப்பவர் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. மகள் சொன்ன மிருகக்காட்சிசாலை இதுதான்.

நம் நாட்டில் தாராவி நடைப்பயணம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிறிஸ் வே என்ற ஆங்கிலேயரும் கிருஷ்ணா பூஜாரியும் சேர்ந்து 2005 வாக்கில் தொடங்கியது. தாராவியில் நம் திருநெல்வேலிக்காரர்கள் தோல் பதனிட்டு, காமராஜர் பெயரில் பள்ளிக்கூடம் வைத்து மூன்று தலைமுறையாக வாழ்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கேயும் படம் எடுக்கக் கூடாது என்ற விதி உண்டு, லாபத்தில் பெரும்பங்கு அங்குள்ள பிள்ளைகளின் படிப்புக்கும் பயிற்சிக்கும் போகிறது. ஆனாலும் சர்ச்சை ஓய்ந்தபாடில்லை. ஓய வேண்டிய அவசியமும் இல்லை என்பது என் கருத்து.

ஐரோப்பாவில் வீடற்றவர்களே ஊரைச் சுற்றிக்காட்டும் முறை தெருப் பத்திரிகைகளோடு சேர்ந்து வளர்ந்தது. பிச்சை எடுப்பதற்குப் பதிலாகப் பத்திரிகை விற்றுப் பிழைக்கட்டும் என்று 1991-ல் லண்டனில் 'பிக் இஷ்யூ' தொடங்கியது. பத்திரிகை விற்கிறவன் நாள் முழுவதும் தெருவில் நிற்கிறான், அவனுக்குத் தெரியாத சந்து இல்லை, அப்புறம் என்ன? 2010-ல் லண்டனில் 'அன்சீன் டூர்ஸ்' வந்தது. 2013-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 'சர்ப்ரைஸ்' என்ற தெருப் பத்திரிகையே இந்த நடையைத் தொடங்கியது. அதே வருஷம் பெர்லினில் 'குவேர்ஷ்டாட்டைன்'. வியன்னாவிலும் பிராகாவிலும் இதே மாதிரி அமைப்புகள். இந்த ஊர்களில் போலீஸ்காரர் முன்னால் நடப்பதில்லை. எந்தச் சந்துக்குள் போவது, எதைத் தாண்டிப் போவது, எந்தக் கேள்விக்கு வாய் திறக்காமல் இருப்பது என்று முடிவு செய்பவர் அங்கே படுத்திருந்தவர். கூலியும் அவருக்கு.

இதிலும் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. தினமும் காலையும் மாலையும் தன் துக்கத்தையே எடுத்துச் சொல்லிப் பிழைப்பது நல்ல பிழைப்பா? துக்கம் போன பிறகும் அந்த வேடத்திலேயே நிற்க வேண்டி வராதா? ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 2016-ல் சாக்கியா முலாவி என்ற பெண்மணி தொடங்கிய 'இன்விசிபிள் சிட்டீஸ்' பற்றிப் படித்தபோது மனம் கொஞ்சம் ஆறியது. அங்கே வீடில்லாமல் இருந்தவர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுக்கிறார்கள், ஆனால் எதைப் பற்றிச் சொல்வது என்பது அவரவர் விருப்பம். ஒருவர் அந்த ஊரின் குற்றமும் தண்டனையும் பற்றிச் சொன்னார், இன்னொருவர் எடின்பரோவின் பெண்கள் பற்றி. தெருவில் படுத்தவனுக்குத் தெருவைப் பற்றி மட்டும்தான் பேசத் தெரியும் என்று யார் சொன்னது? சலாம் பாலக்கில் வளர்ந்த விக்கி ராயைப் பாருங்கள். மேற்கு வங்கத்துப் புருலியாவிலிருந்து 11 வயதில் ஓடிவந்து, புதுடில்லி நிலையத்தில் குப்பை பொறுக்கியவர். இன்று பெயர் பெற்ற புகைப்படக் கலைஞர். தெருப் பிள்ளைகளைப் படம் எடுத்தார், பிறகு இமயமலையையும் எடுத்தார்.

அகதிகள் விஷயத்தில் பெர்லின் செய்தது இன்னும் ஒரு படி மேல். 2015-ல் சிரியாவிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் பல லட்சம் பேர் ஜெர்மனிக்குள் வந்த வருஷம், அந்தக் கடைசி மாதங்களிலேயே பெர்லின் அருங்காட்சியகங்கள் 'முல்தகா' என்று ஒரு திட்டம் தொடங்கின. அரபியில் சந்திக்கும் இடம் என்று பொருள். அகதிகளாக வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அகதிகளுக்கே அரபி மொழியில் அருங்காட்சியகத்தைச் சுற்றிக்காட்ட வைத்தார்கள். அங்கே பெர்கமன் அருங்காட்சியகத்தில் பாபிலோனின் இஷ்டார் வாயில் இருக்கிறது. 'அலெப்போ அறை' என்றும் ஒன்று இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெப்போ நகரில் ஒரு வணிகர் வீட்டின் வரவேற்பறைச் சுவரில் பதித்த, வண்ணம் தீட்டிய மரப்பலகைகள். 1912-ல் பெர்லினுக்கு வந்து சேர்ந்தவை. குண்டு விழுந்து அலெப்போ தரைமட்டமாகிக்கொண்டிருந்த நாட்களில், அந்த நாட்டு மனிதர்கள் அந்த அறையின் முன்னால் நின்று தங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் சொன்னார்கள். அதைப் படித்தபோது எனக்கு வாயடைத்துப் போயிற்று. நாற்பது வருஷம் சரித்திரம் நடத்தியவன் நான். இப்படி ஒரு வகுப்பு நான் எடுத்ததில்லை.

அதே பெர்லினில் சிரியர்கள் நடத்தும் இன்னொரு நடை உண்டு. ஜெர்மன் ரகசியப் போலீசின் பழைய இடங்களின் முன்னால் நின்றுகொண்டு, தங்கள் நாட்டில் இது எப்படி நடந்தது, தாங்கள் ஏன் கிளம்பி வந்தோம் என்று ஜெர்மானியர்களுக்கே ஒப்பிட்டுச் சொல்வார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். அகதி என்றால் நமக்குத் தொலைதூரச் செய்தியா? நமக்குப் பக்கத்திலேயே கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983-க்குப் பிறகு படகேறி வந்தவர்கள். அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. 2021-ல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது. மண்டபத்தில் இறங்கிய நாளிலிருந்து அவர்களுக்குத் தெரிந்த தமிழ்நாடு, நமக்குத் தெரிந்த தமிழ்நாடு இல்லை. பர்மாவிலிருந்து 1942-ல் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து காடு மலை தாண்டி நடந்தே வந்தவர்கள், 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு கடை கண்ணியை எல்லாம் விட்டுக் கப்பலேறி வந்தவர்கள் என்று நம் உறவிலேயே சில குடும்பங்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் ராஜாஜி சாலையில் பர்மா பஜார் வந்தது. நான் அங்கே ரேடியோ வாங்கியிருக்கிறேன், டார்ச் லைட் வாங்கியிருக்கிறேன். பக்கத்திலேயே அத்தோ சாப்பிட்டிருக்கிறேன். விலை பேசினேனே தவிர, "ஐயா, நீங்க எப்படி வந்தீங்க?" என்று கடைக்காரர் ஒருவரையும் கேட்டதில்லை. இரண்டாம் உலகப்போர் பாடத்தில் பர்மாவைப் படத்தில் காட்டிப் பல வருஷம் நடத்தியவன் நான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டில்லியில் நடை முடிந்து இல்லத்தில் கொஞ்ச நேரம் உட்கார வைத்தார்கள். கிளம்பும்போது அந்த வழிகாட்டிப் பிள்ளையிடம், தெற்கிலிருந்து பிள்ளைகள் வருவார்களா என்று மகளை விட்டு இந்தியில் கேட்கச் சொன்னேன். எல்லாத் திசையிலிருந்தும் வருவார்கள், ரயில் எங்கே நிற்கிறதோ அங்கே இறங்குவார்கள் என்றான். வீட்டுக்குத் திரும்பும் பிள்ளைகளைப் பற்றியும் சொன்னான். திரும்பிப் போனால் முதலில் பார்ப்பது பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கிறதா என்பதைத்தான் என்றான். மகள் அதை எனக்குத் தமிழில் சொன்னாள். நான் பதில் சொல்லவில்லை.

1986-ல் 1098 என்று ஒரு எண் கிடையாது. சைல்டுலைன் 1996-ல்தான் பம்பாயில் தொடங்கியது. ரயில் நிலையத்தில் தனியாக நிற்கும் பிள்ளையைக் கேட்க ஆளும் கிடையாது. இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆனால் மலையடிவாரம் வரை நடந்துபோய் விசாரிக்க ஒரு சட்டமும் ஒரு போன் நம்பரும் எனக்குத் தேவைப்பட்டிருக்காது.

சென்னைப் பிள்ளைகளுக்கு நேற்று பதில் சொன்னேன். நடைக்கு வருகிறேன். வீரட்டானேசுவரர் கோயிலிலும், எல்லைப் போராட்டத்துக்கும் நான் பேசுகிறேன். ஆனால் படிக்கட்டில் என்னைப் பேசச் சொல்லாதீர்கள். இருபது வருஷத்துக்கு மேலாக அடிவாரத்தில் பூ விற்கும் ஒரு அம்மா இருக்கிறார், ராத்திரியும் அங்கேதான். அவரிடம் போய் நானே கேட்டேன். முதலில், "எனக்கு என்னா சார் தெரியும், நான் படிக்காதவ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பேசினா கூலி உண்டா?" என்றார். உண்டு என்றேன். "அப்போ ஞாயித்துக்கிழமை வேணாம், அன்னிக்குத்தான் வியாபாரம். செவ்வாய்க்கிழமையும் ஆகாது. புதன்கிழமை வாங்க" என்றார். ஆகவே, பிள்ளைகளே, நடை புதன்கிழமைதான். லீவு போட முடிந்தவர்கள் வாருங்கள். அந்த அம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள், டிபன் செலவோடு சேர்க்காதீர்கள். அவரைப் படம் எடுப்பது அவர் சரி என்றால் மட்டும்.

இன்னொன்று, 1986 எட்டாம் வகுப்பு 'பி' பிரிவுக்காரர்களுக்கு. அன்று மண்டபத்தில் அவன் நிறையச் சொன்னான். எனக்கு நினைவிருப்பது கல் கொதிப்பதும், சாரல் அடிக்காத மூலையும், அந்த இரண்டு சாமியார்களும், சில்லறையும், குரங்கும்தான். அங்கே படுக்க வந்தவர்கள் எந்தெந்த ஊர், எதற்காக வந்தார்கள் என்று சொன்னானே, அது எனக்கு மறந்துவிட்டது. நான் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். யாருக்காவது ஒரு வரி நினைவிருந்தாலும் எழுதுங்கள். அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தவர்கள் எனக்குத் தனியாகப் போன் செய்யுங்கள். ராத்திரி எந்நேரமானாலும் எடுப்பேன்.